சங்கு ஓய்ந்தது, சக்கரம் ஓயலாமா?

கோவையிலே ஒரு காலத்தில் கடிகாரம் பார்த்து எழுந்தவர்கள் சிலர். ஆலைச் சங்கு கேட்டு எழுந்தவர்கள் பலர். முதற் சங்கு ஊதினால் அடுப்பு எரியும். அடுத்த சங்கு ஊதினால் தூக்குப்போசி கைக்கு வரும். கடைசிச் சங்கு ஊதும்போது ஆலை வாசலிலே சைக்கிள்கள் அணிவகுத்து நிற்கும். சிங்காநல்லூரும் பீளமேடும் உப்பிலிபாளையமும் அந்தச் சங்கின் ஒலிக்கு ஏற்பவே விழித்தன, உண்டன, உறங்கின.

இன்று அந்தச் சங்குகளிற் பல ஓய்ந்துவிட்டன. ஓய்ந்த சங்குகளின் தலைக்கு மேலே நீண்ட மேம்பாலம் போகின்றது. பாலத்தின் மேலே பளபளக்கும் கார்கள் பறக்கின்றன. பாலத்தின் கீழே, தேநீர்க் கடை பெஞ்சிலே, ஓய்வு பெற்ற ஆலைத் தொழிலாளி ஒருவர் உட்கார்ந்திருக்கின்றார். அவரிடம் பேச்சுக் கொடுத்தேன்.

"சங்கு நின்னப்பக் காது சும்மா இருந்துச்சுங்க. அது பழகிப் போச்சு. கை சும்மா இருக்கறதுதானுங்க தாங்க முடியல. பேரன் இஞ்சினியரிங் படிச்சிருக்கானுங்க. இந்த ஊருலயே அவனுக்கு ஒரு வேலை இருக்குமுங்களா?"

பெரியவர் கேட்டது ஒரே கேள்வி. ஆனால் அந்தக் கேள்விக்குள்ளே கோவையின் நேற்றும் இருக்கின்றது, இன்றும் இருக்கின்றது, நாளையும் இருக்கின்றது. வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டு வந்துவிட மனம் ஒப்பவில்லை. எண்ணிப் பார்த்து விடை சொல்ல வேண்டிய கேள்வி அது. ஆகவே, தோழர்களே, நாம் சேர்ந்தே எண்ணிப் பார்ப்போம்.

ஏட்டிலே ஒரு லட்சம்

2025 நவம்பர் இறுதியிலே கோவையில் முதலீட்டாளர் மாநாடு ஒன்று நடந்தது. 43 ஆயிரம் கோடி ரூபாய்க்கு மேல் முதலீடு, ஒரு லட்சம் பேருக்கு வேலை என்று ஒப்பந்தங்கள் கையெழுத்தானதாக மாநில அரசு அறிவித்தது. நல்ல செய்தி. மறுப்பதற்கில்லை. தொழில் வரட்டும், முதல் வரட்டும் என்று வேண்டுவதிலே நம்மைவிட ஆர்வம் உள்ளவர் யார்? வேலை இல்லாதவனின் வீட்டு அடுப்பை அறிந்தவர்கள் அல்லவா நாம்!

ஆனால், ஒப்பந்தம் எழுதுவது வேறு, அடிக்கல் நாட்டுவது வேறு, ஆளெடுப்பது வேறு. ஏட்டுச் சுரைக்காய் கறிக்கு உதவாது என்று நம் பாட்டிமார் சும்மா சொல்லி வைக்கவில்லை. கையெழுத்தான நாளுக்கும் முதற் சம்பள நாளுக்கும் இடையே நிலம், நீர், மின்சாரம், கடன், சந்தை என்று ஐந்து ஆறுகள் ஓடுகின்றன. ஐந்தையும் கடந்து கரையேறுவது எத்தனை என்பதைப் பொறுத்திருந்துதான் பார்க்க வேண்டும்.

அதுமட்டுமல்ல. ஒரு சின்னக் கணக்குப் போடுங்கள். 43 ஆயிரம் கோடியை ஒரு லட்சத்தால் வகுத்துப் பாருங்கள். ஒரு வேலைக்கு 43 லட்சம் ரூபாய் மூலதனம்! ஒரே ஒருவருக்கு வேலை கொடுக்க 43 லட்சம் ரூபாய் போட வேண்டிய தொழில்களே இன்று பெருந்தொழில் என்ற பெயரோடு வருகின்றன. வரட்டும். ஆனால் அதே ஊரிலே, ஆவாரம்பாளையத்திலும் கணபதியிலும், பழைய லேத் ஒன்றை வாங்கிப் போட்டு, தானும் உழைத்து, இன்னும் இரண்டு பேருக்கும் வேலை கொடுக்கின்றானே ஒருவன், அவன் போட்ட முதல் எத்தனை? சில லட்சம். 43 லட்சத்தை அவனைப் போன்றவர் கையிலே கொடுத்தால் எத்தனை பேருக்கு வேலை வரும்? இந்தக் கணக்கை மனத்திலே வைத்துக்கொண்டு மேலே வாருங்கள்.

பஞ்சிலிருந்து பம்புசெட் வரை

கோவைக்குத் துறைமுகம் கிடையாது. பெரிய ஆறு கிடையாது. நொய்யல் இருக்கின்றது, ஆண்டு முழுதும் தண்ணீர் ஓடும் ஆறென்று அதைச் சொல்லிக்கொள்ள முடியாது. நிலக்கரி கிடையாது, இரும்புச் சுரங்கம் கிடையாது. தலைநகரமும் அல்ல. பிறகு எப்படி இது தொழில் நகரமாயிற்று?

கரிசல் மண் பருத்தியைக் கொடுத்தது. 1888-ல் ராபர்ட் ஸ்டேன்ஸ் முயற்சியால் முதல் நூற்பாலை வந்தது. 1930-களின் தொடக்கத்திலே நீலகிரியின் பைக்காராவிலிருந்து நீர்மின்சாரம் இறங்கி வந்தது. மின்சாரம் வந்ததும் ஆலைகள் மளமளவென முளைத்தன. ஆலை வந்தால் எந்திரம் பழுதாகும். பழுது பார்க்கப் பட்டறை வேண்டும். பட்டறைக்கு உதிரி பாகம் வேண்டும். பாகத்தை வார்க்க பவுண்டரி வேண்டும். வார்க்கத் தெரிந்த கை சும்மா இருக்குமா? கொங்கு நாட்டு விவசாயியின் கிணறோ நாளுக்கு நாள் ஆழமாகிக்கொண்டிருந்தது. ஏற்றமும் கவலையும் எட்டவில்லை. பவுண்டரிக்காரன் பம்பு வார்த்தான். பம்பை ஓட்ட மோட்டார் வேண்டுமே! 1937-ல் கோவையிலேயே மின்மோட்டார் செய்யப்பட்டது. ஜி.டி. நாயுடுவும் டி. பாலசுந்தரம் நாயுடுவும் அந்த முயற்சியோடு சேர்த்துச் சொல்லப்படுகின்ற பெயர்கள். மோட்டார் கைக்கு வந்ததும் வீட்டு ஆட்டுக்கல்லிலே அதைப் பொருத்திப் பார்த்தார்கள். கோவை கிரைண்டர் பிறந்தது. இன்று அதற்குப் புவிசார் குறியீடும் இருக்கின்றது.

பார்த்தீர்களா சங்கிலியை! பஞ்சு ஆலையைக் கொண்டுவந்தது. ஆலை பட்டறையை ஈன்றது. பட்டறை பவுண்டரியை வளர்த்தது. பவுண்டரி பம்பைக் கொடுத்தது. பம்பு மோட்டாரைக் கேட்டது. மோட்டார் கிரைண்டரைச் சுழற்றியது. அதன் பிறகு, ஆலைக்கு வேண்டிய நூற்பு எந்திரங்களைக் கோவையே செய்தது. லட்சுமி மெஷின் ஒர்க்ஸ் தொடங்கியது 1962-ல். நாடு முழுதும் ஓடும் பம்புகளில் ஏறத்தாழப் பாதி இங்கே செய்தது என்று தொழில் வட்டாரத்தார் பெருமையோடு சொல்லும் நிலை வந்தது. பி.எஸ்.ஜி. தொழில்நுட்பக் கல்லூரி 1951-ல் வந்தது. நெசவுத் தொழில் ஆராய்ச்சிக்கென சிட்ரா 1956-ல் வந்தது. சிறுதொழில் நடத்துவோர் 1969-ல் கொடிசியா என்ற சங்கம் கண்டனர்.

இந்த வளர்ச்சியை யாரும் வெளியிலிருந்து கொண்டுவந்து இறக்கவில்லை. ஒவ்வொரு தொழிலும் முந்திய தொழிலின் வயிற்றிலிருந்து பிறந்தது. லேத்துக்கு முன்னே நின்றவன் கற்றுக்கொண்டான். கற்றவன் தனிப் பட்டறை வைத்தான். பட்டறைக்காரன் தொழிலதிபன் ஆனான். அப்படிப் பலர் உண்டு.

ஆனால், ஒன்றை மறந்துவிடக் கூடாது. அந்த வளர்ச்சிக்கு விலை கொடுத்தவன் தொழிலாளி. சங்கம் வைப்பதே குற்றம் என்று கருதப்பட்ட நாளிலே சங்கம் வைத்தான். சின்னியம்பாளையத்துத் தோழர்கள் நால்வர், ரங்கவிலாஸ் ஆலைத் தொழிலாளர்கள், 1946 ஜனவரி 8-ஆம் நாள் தூக்குமேடை ஏறினார்கள். வேலை நேரமும் பஞ்சப்படியும் போனசும் தானாக வந்தவை அல்ல. ஆகவே, கோவையின் வளர்ச்சி என்று பேசும்போது முதலாளியின் துணிவை மட்டும் பாடிவிட்டுப் போவது பாதிக் கதை சொல்வதாகும்.

நின்றுபோன முதற் சக்கரம்

இன்றைய நிலைமைக்கு வருவோம்.

1974-ல் நாடாளுமன்றம் சட்டம் செய்து, நலிந்துபோன 103 பஞ்சாலைகளை நாட்டுடைமை ஆக்கியது. தேசியப் பஞ்சாலைக் கழகம் அவற்றை நடத்தியது. அந்தக் கழகத்தின் பொறுப்பிலே கோவையில் ஐந்து ஆலைகள்: கம்போடியா, பங்கஜா, முருகன், ரங்கவிலாஸ், அவற்றோடு 1888-ல் தொடங்கிய அந்த முதல் ஆலையும். கோவையின் தொழில் வரலாற்றிலே முதற் சக்கரம் சுழன்ற இடம் அது.

2020 மார்ச்சிலே கொரோனா ஊரடங்கு வந்தது. நாட்டிலே எல்லா ஆலைகளும் நின்றன. ஊரடங்கு விலகியதும் தனியார் ஆலைகள் ஓடத் தொடங்கின. அரசாங்க ஆலைகள் ஓடவில்லை! நோய் போயிற்று, முகமூடி போயிற்று, ஆலைக் கதவின் பூட்டு மட்டும் போகவில்லை. தொழிலாளர்களுக்குப் பாதிச் சம்பளம் என்றாயிற்று. அந்தப் பாதியும் மாதக் கணக்கில் நிலுவையாகி, அதற்காகவும் வாசலிலே உட்கார்ந்து போராட வேண்டியதாயிற்று.

தனியாரிடம் நலிந்தது என்றுதானே அரசு எடுத்தது? அரசே நலியவிட்டால் யாரிடம் கொடுப்பது? "பழைய எந்திரம், நட்டம்" என்கின்றனர் அதிகாரிகள். எந்திரம் பழையது என்றால் புதுப்பிக்க வேண்டியவர் யார்? நகரின் நடுவிலே, இன்று பொன்விலை போகும் நிலத்திலே நிற்கின்ற ஆலைகள் இவை. சக்கரத்தின் மீது கண் இல்லாதவர்களுக்கு மண்ணின் மீது கண் இருக்குமோ என்று தொழிலாளி ஐயப்படுவதிலே தவறு உண்டா? நடத்துவதானால் நடத்தட்டும். நடத்த முடியாதென்றால் அதையாவது நேர்மையாகச் சொல்லி, தொழிலாளிக்குச் சேர வேண்டியதைத் தீர்த்து, அந்த நிலத்திலே மீண்டும் ஒரு தொழிலையே அமைக்கட்டும். நூல் நூற்ற நிலத்திலே அடுக்குமாடிக் கடைகள் எழுந்தால், அது வளர்ச்சி என்று கணக்கிலே வரலாம். வேலை என்று வராது.

தனியார் ஆலைகளின் கதையும் தேனும் பாலும் அல்ல. பருத்தி இன்று கொங்கு மண்ணில் விளைவதைவிட குஜராத்திலிருந்தும் மராட்டியத்திலிருந்தும் தெலங்கானாவிலிருந்தும் வருவதே அதிகம். 2022-ல் பஞ்சு விலை கண்டி ஒன்றுக்கு ஒரு லட்சம் ரூபாயைத் தாண்டிற்று. பக்கத்துத் திருப்பூரின் பின்னலாடைக்கு 2025 ஆகஸ்டிலே அமெரிக்கா 50 விழுக்காடு வரி போட்டது. வாஷிங்டனில் வைத்த கையெழுத்து பல்லடத்து நூற்பாலையின் ஷிப்டைக் குறைத்தது. அதே 2025-ன் மார்ச், ஏப்ரலிலே சோமனூர், பல்லடம் வட்டாரத்து விசைத்தறிக்காரர்கள் கூலி உயர்வு கேட்டு ஒரு மாதம் தறிகளை நிறுத்தினார்கள். தறி நின்றால் நாட்டுக்குத் துணி குறைகின்றது. தறிக்காரன் வீட்டிலோ சோறு குறைகின்றது.

பட்டறையின் பாடு

கோவையின் உயிர் எங்கே இருக்கின்றது என்று கேட்டால், பெரிய ஆலையைக் காட்டாதீர்கள், சந்துக்குள்ளே போங்கள். ஒரு தகரக் கொட்டகை, இரண்டு லேத், ஒரு டிரில்லிங் மெஷின், எண்ணெய் ஊறிய தரை. அங்கேதான் உயிர் இருக்கின்றது. பெரிய கம்பெனியின் பம்பிலே இருக்கும் தண்டு அங்கே கடையப்பட்டது. பெயர் கம்பெனிக்கு, வியர்வை பட்டறைக்கு.

அந்தப் பட்டறைக்கு விழுந்த அடிகளை எண்ணிப் பாருங்கள்.

2016 நவம்பர் 8-ல் 500, 1,000 ரூபாய் நோட்டுச் செல்லாது என்றார்கள். சனிக்கிழமைதோறும் ரொக்கத்திலே கூலி கொடுத்த பட்டறை அன்று முதல் அடி வாங்கிற்று. 2017 ஜூலை 1-ல் ஜி.எஸ்.டி. வந்தது. பிறர் கொடுக்கும் இரும்பைக் கடைந்து கொடுத்துக் கூலி வாங்குகின்றவனுக்கு, அந்தக் கூலி மீதே 18 விழுக்காடு வரி! அது 12 ஆகக் குறைய 2019 அக்டோபர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. 2020-ல் ஊரடங்கு. அதன் பின்னே 2021-லும் 2022-லும் இரும்பு, செம்பு, வார்ப்பிரும்பு விலைகள் மேலே மேலே ஏறின. ஒப்புக்கொண்ட விலைக்குச் செய்து கொடுத்தால் கைநட்டம். செய்யாவிட்டால் அடுத்த ஆர்டர் இல்லை. 2022 செப்டம்பரிலே மின்கட்டணம் உயர்ந்தது. எந்திரம் ஓடினாலும் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய நிலைக்கட்டணமும் உயர்ந்தது. அதை எதிர்த்து 2023 செப்டம்பர் 25-ல் சிறுதொழில்கள் ஒருநாள் கதவடைத்தன. மத்திய அரசின் வரியானாலும் மாநில அரசின் கட்டணமானாலும், பட்டறைக்காரனுக்கு இரண்டும் ஒரே சட்டைப் பையிலிருந்துதான் போகின்றன.

இவற்றுக்கெல்லாம் மேலே ஒரு நோய் உண்டு. வேலை வாங்குகின்ற பெரியவன் பணம் கொடுப்பதில்லை என்ற நோய். 45 நாளுக்குள் கொடுக்க வேண்டும் என்று 2006-ஆம் ஆண்டின் சட்டமே சொல்கின்றது. கொடுக்காவிட்டால் அந்தத் தொகையை வருமான வரிக் கணக்கிலே அந்த ஆண்டின் செலவாகக் காட்ட முடியாது என்ற விதியும் 2024 ஏப்ரல் முதல் நடைமுறைக்கு வந்தது. சட்டம் நல்லதுதான். ஆனால் பட்டறைக்காரன் அந்தச் சட்டத்தைச் சொல்லிக் கேட்டால் பெரியவன் என்ன செய்வான்? அடுத்த மாதம் ஆர்டரை வேறு பட்டறைக்குக் கொடுப்பான். வழக்குப் போடத் துணிவில்லாதவனுக்குச் சட்டம் இருந்தென்ன, இல்லாவிட்டாலென்ன? கடையும் கூலி வந்தால்தான் கடைபவனுக்குக் கூலி. மேலே நிற்கின்ற நிலுவை கீழே வந்து தொழிலாளியின் சட்டியிலேதான் விழுகின்றது.

ஒரு கட்டத்திலே பம்புத் தொழிலுக்கும் போட்டி வந்துவிட்டது. ராஜ்கோட்டும் அகமதாபாத்தும் மலிவாகச் செய்து அனுப்புகின்றன. கோவையின் பெயர் தரத்துக்கு நிற்கின்றது. ஆனால் பெயர் மட்டும் எத்தனை நாள் நிற்கும்?

புதிய தொழில் தரும் நம்பிக்கை

இருண்டதை மட்டும் சொல்லி உங்களைச் சோர்வடையச் செய்வது என் நோக்கமல்ல. வெளிச்சமும் இருக்கின்றது. அதையும் பார்ப்போம்.

விளாங்குறிச்சியிலே 2010-ல் டைடல் பார்க் வந்தது. 2024 நவம்பரிலே அதே வட்டாரத்தில் அரசின் இன்னொரு தகவல் தொழில்நுட்பக் கட்டடம் திறக்கப்பட்டது. பாஷ், காக்னிசன்ட் போன்ற நிறுவனங்கள் ஆயிரக்கணக்கில் இளைஞர்களை வைத்து இங்கே வேலை வாங்குகின்றன. சென்னைக்கும் பெங்களூருக்கும் போன பிள்ளைகளிலே சிலர் ஊருக்குத் திரும்பி வருகின்றார்கள். அம்மா கையால் சாப்பிட்டுவிட்டு வேலைக்குப் போகின்றார்கள். நல்லது. ஆனால் அங்கும் ஒரு மேகம் தெரிகின்றது. தொடக்க நிலையில் பிள்ளைகள் செய்துவந்த எழுத்து வேலையையும் சோதனை வேலையையும் இன்று கணினியின் செயற்கை அறிவே செய்யத் தொடங்கிவிட்டது. கல்லூரியிலிருந்து கூட்டங் கூட்டமாக ஆளெடுத்த நாள் அப்படியே தொடரும் என்று நம்பிவிட முடியாது.

பாதுகாப்புத் தளவாடத் தொழில் வழித்தடம் ஒன்று தமிழ்நாட்டுக்கென அறிவிக்கப்பட்டு, 2019 ஜனவரியிலே தொடங்கி வைக்கப்பட்டது. சென்னை, ஓசூர், சேலம், திருச்சியோடு கோவையும் அதிலே ஒரு மையம். சூலூரிலே விமானப்படைத் தளம் இருக்கின்றது; நுணுக்கமாகக் கடையத் தெரிந்த கைகள் ஆயிரக்கணக்கில் இருக்கின்றன. இந்தத் தொழில் கோவைக்குப் பொருந்தும். பம்புத் தண்டு கடைந்தவன் விமானத்தின் பாகம் கடைய முடியாதா? முடியும். ஆனால் அதற்கு வேண்டிய அளவுக்கருவி, சோதனைக்கூடம், தரச்சான்று ஆகியவற்றைத் தனிப் பட்டறைக்காரன் தன் கைக்காசில் வாங்க முடியாது. பொதுவிலே அமைத்துக் கொடுத்தால் நூறு பட்டறை பிழைக்கும். அமைக்காவிட்டால் ஆர்டர் நான்கு பெரிய கம்பெனிகளின் வாசலோடு நின்றுவிடும்.

மின்சார வண்டியைப் பாருங்கள். பெட்ரோல் எஞ்சினிலே நூற்றுக்கணக்கான பாகங்கள் அசையும். மின்வண்டியிலே அசைவது மிகச் சில. எஞ்சினுக்கு வால்வும் பிஸ்டனும் பல்சக்கரமும் செய்து கொடுத்த பட்டறைக்கு அது எச்சரிக்கை மணி. ஆனால் மின்வண்டிக்கு வேண்டியது என்ன? மோட்டார்! 1937 முதல் மோட்டார் செய்கின்ற ஊரல்லவா இது? காயில் சுற்றுகின்ற பெண்களும் வைண்டிங் பட்டறைகளும் தெருவுக்குத் தெரு உள்ள ஊரல்லவா? இங்கே வாய்ப்புக் கதவு திறந்திருக்கின்றது. ஆனால் அந்த மோட்டாருக்கு வேண்டிய அரியவகைக் காந்தம் பெரும்பாலும் சீனாவிலிருந்து வருகின்றது. 2025 ஏப்ரலிலே சீனா அதன் ஏற்றுமதிக்குக் கட்டுப்பாடு விதித்தபோது நம் நாட்டு வண்டித் தொழிலே திணறியது. காந்தம் இல்லாமல், அல்லது குறைந்த காந்தத்தில், ஓடும் மோட்டாரைக் கண்டுபிடிப்பது கோவையின் கல்லூரிகளுக்கும் பட்டறைகளுக்கும் வந்திருக்கும் சவால். சவாலை ஏற்றால் அடுத்த 50 ஆண்டுக்குச் சோறு.

பாலம் மேலே, பஸ் எங்கே?

2025 அக்டோபர் 9-ல் அவிநாசி சாலை மேம்பாலம் திறக்கப்பட்டது. 10.1 கிலோ மீட்டர் நீளம், 1,791 கோடி ரூபாய் செலவு, ஜி.டி. நாயுடு பெயர். பொருத்தமான பெயர். போக்குவரத்து நெரிசலிலே சிக்கித் தவித்த நகருக்கு அது தேவைதான்.

மெட்ரோ ரயில் திட்டமோ 2025 நவம்பரிலே மத்திய அரசால் திருப்பி அனுப்பப்பட்டது. 20 லட்சம் மக்கள்தொகை இல்லையாம்! 2017-ஆம் ஆண்டுக் கொள்கை அப்படிச் சொல்கின்றதாம். எந்தக் கணக்கு? 2011 கணக்கு! 2021-ல் எடுத்திருக்க வேண்டிய கணக்கை எடுக்காமலே இருந்துவிட்டு, பழைய கணக்கைக் காட்டி உனக்கு வயது போதாது என்பது எந்த ஊர் நியாயம்? அந்தப் பழைய கணக்கின்படியே, சுற்றுவட்டாரத்தையும் சேர்த்த கோவை நகரத் தொகுதியின் மக்கள் 21 லட்சத்துக்கு மேல். வேலைக்கு வருகின்றவன் மாநகராட்சி எல்லைக் கல்லைப் பார்த்தா வருகின்றான்?

பாலமும் ரயிலும் தொழிலாளியின் கூலியைத் தொடுகின்ற செய்திகள் என்பதை மறக்க வேண்டாம். சூலூரிலும் அன்னூரிலும் வாடகை குறைந்த வீட்டிலே இருப்பவன் வேலைக்கு வந்து போகப் பெட்ரோலுக்குச் செலவிடும் பணம், அவனுக்குக் கிடைக்காமற் போன சம்பள உயர்வு. கார் இல்லாதவனுக்குப் பாலத்தைவிட ஷிப்டு நேரத்துக்கு வரும் பஸ் பெரிது.

வந்தவனும் நம்மவனே

இன்றைய கோவையின் பவுண்டரிக்குள்ளே போய்ப் பாருங்கள். உருகிய இரும்பின் முன்னே நிற்பவன் பீகார்க்காரன். அச்சு மண்ணைத் தட்டுகின்றவன் ஒடிசாக்காரன். நூற்பாலை விடுதியிலே இருப்பவள் ஜார்க்கண்டுப் பெண். கட்டடச் சாரத்தின் மேலே நிற்பவன் அசாமியன்.

"அவர்கள் வந்ததால்தான் நமக்கு வேலை போயிற்று" என்று சிலர் முணுமுணுக்கின்றார்கள். எண்ணிப் பேச வேண்டும் தோழரே! 2023 மார்ச்சிலே வடமாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டிலே தாக்குகின்றார்கள் என்று பொய்க் காட்சிகளை யாரோ பரப்பினார்கள். அஞ்சிப் பலர் ரயிலேறினார்கள். அது பொய் என்று விளக்கி அவர்கள் அச்சத்தைப் போக்க அரசு இந்தியிலேயே பேச வேண்டியதாயிற்று. அந்தச் சில நாட்களிலே பட்டறையும் பவுண்டரியும் ஆளின்றித் தவித்தது நமக்குத் தெரியாதா? அந்த வேலைக்கு நம் பிள்ளைகள் ஏன் போகவில்லை? வெப்பத்துக்கு அஞ்சி அல்ல. அந்தக் கூலிக்கு, அந்த நேரத்துக்கு, காப்பீடும் கண்ணாடியும் இல்லாத அந்த நிலைமைக்கு அஞ்சித்தான். அவனுக்குக் குறைந்த கூலி கொடுப்பவன், உனக்கும் அதைத்தான் கொடுப்பான். அவன் கூலி உயராமல் உன் கூலி உயராது. நம் பாட்டன்மார் இலங்கைக்கும் மலேயாவுக்கும் கப்பலேறிப் போனபோது அங்கே கேட்ட ஏச்சை நாம் இங்கே இன்னொருவனுக்குக் கொடுக்கலாமா?

2025 நவம்பர் 21 முதல் நான்கு தொழிலாளர் சட்டத் தொகுப்புகள் நடைமுறைக்கு வந்தன. 29 சட்டங்களைச் சுருக்கி நான்காக்கினார்கள். எல்லோருக்கும் நியமனக் கடிதம் வேண்டும் என்கின்றது. கால வரையறையுள்ள வேலைக்கும் ஓராண்டிலேயே பணிக்கொடை உண்டு என்கின்றது. நல்லவற்றை நல்லவை என்போம். ஆனால் மின்சாரத்தால் ஓடும் இடத்திலே 10 பேர் இருந்தால் தொழிற்சாலை என்றிருந்தது, இப்போது 20 பேர் இருந்தால்தான் தொழிற்சாலை. கோவையின் சந்துகளை எண்ணிப் பாருங்கள்; 10 பேருக்கும் 20 பேருக்கும் இடையே நிற்கும் பட்டறைகள் எத்தனை! அங்கே கைவிரல் போனவன் தொழிற்சாலைத் தொழிலாளி அல்ல என்றாகிவிட்டால் அவன் எங்கே போவான்? 100 பேருக்கு மேற்பட்ட ஆலை ஆட்குறைப்புச் செய்ய அரசின் அனுமதி வேண்டும் என்றிருந்தது. அது 300 ஆயிற்று. 290 பேர் வேலை செய்யும் ஆலையின் வாசலிலே ஒருநாள் காலையில் பூட்டுத் தொங்கினால், கேட்பதற்கு முன்னிருந்த கதவு இப்போது இல்லை.

ஆனாலும் கேட்டால் நடக்கும் என்பதற்கு அண்மைச் சான்று ஒன்று இருக்கின்றது. 2023 ஏப்ரலிலே 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நம் சட்டமன்றத்திலே நிறைவேறியது. தொழிற்சங்கங்கள், கட்சி வேறுபாடு பாராமல், ஒன்றாக எதிர்த்தன. மே நாளன்று அது திரும்பப் பெறப்பட்டது. ஒற்றைக் குரல் ஓசை; ஒன்றுபட்ட குரல் ஆணை.

பெரியவருக்கு விடை

இனி அந்தத் தேநீர்க் கடைப் பெரியவருக்கு விடை சொல்ல வேண்டும்.

கோவை வளரும். அதிலே எனக்கு ஐயம் இல்லை. கையிலே தொழில் உள்ள ஊர் எந்தப் புயலிலும் அடியோடு சாயாது. பிளேக் கண்ட ஊர், உலக மந்தம் கண்ட ஊர், ஆலை மூடக் கண்ட ஊர், மீண்டும் மீண்டும் எழுந்த ஊர். கேள்வி வளருமா என்பதல்ல. வளர்ச்சியிலே யாருக்குப் பங்கு என்பதே கேள்வி. கட்டடம் உயர்வதும் நிலத்தின் விலை உயர்வதும் வளர்ச்சி என்றால், அது தரகனுக்கு வளர்ச்சி. மாதம் பிறந்தால் உறுதியாக வரும் சம்பளம், அதிலே வருங்கால வைப்புநிதி, விபத்து என்றால் மருத்துவம், பிள்ளைக்குப் படிப்பு, படித்த பிள்ளைக்குப் பக்கத்திலே வேலை, இவை வந்தால்தான் அது உழைப்பாளிக்கு வளர்ச்சி.

அதற்கு வேண்டியவை ஒன்றும் ஆகாயத் தாமரை அல்ல. பூட்டிக் கிடக்கும் ஐந்து ஆலைகளைப் பற்றி முடிவான முடிவு வேண்டும். அந்த நிலத்திலே தொழிலே நடக்க வேண்டும். பட்டறைக்கு ஓடாத எந்திரத்தின் மீது கட்டணச் சுமை குறைய வேண்டும். கடைசல் கூலி 45 நாளிலே கைக்கு வரும்படி, பட்டறைக்காரன் வழக்குப் போடாமலே அரசு முன்னின்று வாங்கித் தர வேண்டும். தளவாடத்துக்கும் மின்வண்டி மோட்டாருக்கும் பொதுச் சோதனைக்கூடங்கள் சிட்கோ பேட்டைதோறும் வேண்டும். ஐ.டி.ஐ.களிலே இன்றைய எந்திரத்திலே இன்றைய தொழிலைக் கற்பிக்க வேண்டும். சலுகை வாங்கும் முதலீட்டாளர், எத்தனை கோடி போட்டார் என்பதை மட்டுமல்ல, எத்தனை பேரை நிரந்தரமாக்கினார் என்பதையும் ஆண்டுதோறும் வெளியிட வேண்டும். ஒரு வேலைக்கு 43 லட்சம் என்றால், அந்த வேலை ஒப்பந்தக்காரன் வழியாக வரும் 11 மாத வேலையாக இருக்கக் கூடாதல்லவா?

இவற்றைக் கேட்க வேண்டியவர் யார்? நாம்தான். பட்டறைக்குப் பட்டறை, விடுதிக்கு விடுதி, தமிழிலும் இந்தியிலும் ஒடியாவிலும் போய்ப் பேசிச் சங்கத்திலே சேர்க்க வேண்டியவர் யார்? நாம்தான். நால்வரைத் தூக்கிலே கொடுத்த ஊருக்கு அது புதிதா?

பெரியவரே, உங்கள் பேரனுக்கு இந்த ஊரிலே வேலை இருக்கும். ஆனால் அது தானாக வந்து கதவைத் தட்டாது. நீங்கள் 8 மணி நேரத்தை எப்படி வாங்கினீர்களோ, அப்படித்தான் அவனும் தன் வேலையை வாங்க வேண்டும். அதை அவனிடம் சொல்லுங்கள். ஆலைச் சங்கு எப்படி ஊரை எழுப்பிற்று என்பதையும் சொல்லுங்கள்.

ஊதுகின்ற சங்கு ஓய்ந்துவிட்டது. விழிக்க வேண்டிய நாம் ஓய்ந்துவிடலாமா?